ரோமன் எண் எங்கிருந்து வருகிறது? மாறும் மின்சுமை உலோகச் சேர்மங்களுக்குப் பெயரிடக் கற்றல்: ஒரு நிகழ்வு ஆய்வு

சோடியம் குளோரைடுக்குப் பெயர் வைப்பதில் எந்த மாணவரும் தடுமாறுவதில்லை. உலோகத்தின் பெயர் முதலில், எதிரயனியின் பெயர் அடுத்து, அவ்வளவுதான். இரும்பு வந்தவுடன் சிக்கலும் வந்துவிடுகிறது. ஓர் இரும்பு அயனி இரண்டு குளோரைடோடும் சேரும், மூன்று குளோரைடோடும் சேரும். கிடைப்பவை நிறம், கரைசல், வினை எல்லாவற்றிலும் வேறுபட்ட இரண்டு பொருள்கள். 'இரும்பு குளோரைடு' என்று மட்டும் எழுதினால் எதைச் சொல்கிறோம் என்று தெரியாது. அதனால்தான் உலோகத்தின் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் ஒரு ரோமன் எண் போடுகிறோம்: இரும்பு(Ⅱ) குளோரைடு, இரும்பு(Ⅲ) குளோரைடு. அந்த எண், உலோக அயனி ஒன்றின் நேர்மின்சுமை.

விதி ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. ஆனாலும் பதினோராம் வகுப்பு விடைத்தாள்களில் ஆண்டுதோறும் இதே இடத்தில்தான் மதிப்பெண் போகிறது. மாணவருக்கு ரோமன் எண் எழுதத் தெரிகிறது. அதை வாய்பாட்டின் எந்தப் பகுதியிலிருந்து எடுப்பது என்பதில்தான் பிசகுகிறார்.

கீழே வரும் இரண்டு விடைத்தாள்களும் தனி ஒரு மாணவருடையவை அல்ல. வகுப்பறையில் திரும்பத் திரும்ப வரும் விடைகளை ஒரே மாணவர் எழுதியதுபோல் தொகுத்திருக்கிறோம். கணக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் வாய்பாடுகளைக் குறியீடாக எழுதாமல் 'இரும்பு 2, ஆக்சிஜன் 3' என்று எண்ணிக்கையாகத் தருகிறோம்.

முதல் தாள்

இரும்பு 2, ஆக்சிஜன் 3: இரும்பு(Ⅱ) ஆக்சைடு
தாமிரம் 1, குளோரின் 2: தாமிரம்(Ⅰ) குளோரைடு
தாமிரம் 2, ஆக்சிஜன் 1: தாமிரம்(Ⅱ) ஆக்சைடு
குரோமியம் 2, சல்ஃபேட் 3: குரோமியம்(Ⅱ) சல்ஃபேட்
தாமிரம் 1, அயோடின் 1: தாமிரம்(Ⅰ) அயோடைடு
கால்சியம் 1, குளோரின் 2: கால்சியம்(Ⅰ) குளோரைடு

ஆறில் ஒன்றுதான் சரி. 'படிக்கவே இல்லை' என்று தாளை ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் இந்தத் தாளில் இருப்பது ஒரே ஒரு தவறு, ஆறு முறையும் மாறாமல் செய்யப்பட்டிருக்கிறது: ஒவ்வொரு வரியிலும் ரோமன் எண்ணாக வந்திருப்பது உலோகத்தின் கீழ்க்குறி. இரும்பு இரண்டு என்றால் Ⅱ, தாமிரம் ஒன்று என்றால் Ⅰ. ஐந்தாவது விடை சரியானதும் தற்செயல்தான். அங்கே கீழ்க்குறியும் 1, மின்சுமையும் 1. அதற்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு நகர்ந்தால் நோய் தெரியாமல் போய்விடும்.

இந்தத் தவறுக்கு வேர் முந்தைய பாடத்தில் இருக்கிறது. சகப்பிணைப்புச் சேர்மங்களுக்குப் பெயரிடும்போது டைநைட்ரஜன் பென்டாக்சைடு, கார்பன் டைஆக்சைடு என்று அணுக்களை எண்ணித்தான் சொல்லிக் கொடுத்தோம். பெயரில் வரும் எண் அணுக்களின் எண்ணிக்கை என்று மாணவர் பதியவைத்துக்கொண்டது நியாயமே. அடுத்த பாடத்தில் அதே இடத்தில் வேறு பொருள் கொண்ட ஓர் எண் வருகிறது என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. 'இந்த Ⅱ எதைக் குறிக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். 'இரண்டு இரும்பு இருக்கிறது' என்று பதில் வந்தால் நோய் உறுதி.

கால்சியம் வரியைத் தனியாகப் பார்க்க வேண்டும். கால்சியத்தின் மின்சுமை 2 என்பது மாணவருக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தெரியும். தெரிந்தும் Ⅰ என்று எழுதுகிறார் என்றால் அந்த எண்ணை அவர் மின்சுமையாகவே நினைக்கவில்லை. இன்னொன்று, கால்சியத்துக்கு ரோமன் எண்ணே தேவையில்லை, ஏனென்றால் அதற்கு ஒரே மின்சுமைதான். பள்ளி அளவில் மனப்பாடம் செய்ய வேண்டிய நிலையான மின்சுமைப் பட்டியல் சிறியது: முதல் தொகுதி உலோகங்கள் எல்லாம் 1, இரண்டாம் தொகுதி எல்லாம் 2, அலுமினியம் 3, துத்தநாகமும் காட்மியமும் 2, வெள்ளி 1. இந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள உலோகம் எதைக் கண்டாலும் ரோமன் எண் வேண்டுமா என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும். துத்தநாகம், காட்மியம், வெள்ளி மூன்றும் தனிம வரிசை அட்டவணையின் நடுப்பகுதியில் இருப்பதால் அவற்றுக்கும் எண் போட்டுவிடுவது வழக்கமான சறுக்கல்.

இரும்புக்கு இரண்டு மின்சுமை ஏன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இரும்பு அணு முதலில் வெளிக்கூட்டின் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கிறது. உள்ளே இருக்கும் ஆறு எலக்ட்ரான்களின் ஆற்றல் மட்டம் வெளிக்கூட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அவற்றில் ஒன்றும் எளிதாகப் போய்விடுகிறது, பாதி நிரம்பிய ஐந்து எலக்ட்ரான் அமைப்பு மிஞ்சுகிறது. வெள்ளீயத்திலும் காரீயத்திலும் காரணம் வேறு. வெளிக்கூட்டில் உள்ள நான்கில் இரண்டு மட்டும் போனால் 2, நான்கும் போனால் 4. அதனால்தான் அவற்றில் Ⅱ, Ⅳ என்று இரண்டிரண்டாகத் தாவுகிறது, Ⅲ வருவதில்லை.

குறுக்கு வழியும் இரண்டாம் தாளும்

முதல் தாளைத் திருத்தியவர் பெரும்பாலும் சொல்லித்தரும் மருந்து இது: 'உலோகத்தின் கீழ்க்குறியைப் பார்க்காதே, எதிரே இருக்கும் கீழ்க்குறியைப் பார்.' வாய்பாடு எழுதும்போது மின்சுமைகளைக் குறுக்காக மாற்றிப் போட்டோம், பெயர் எழுதும்போது அதையே திருப்பிப் போடு என்பது இதன் தர்க்கம். உடனே பலனும் தெரியும்.

இரும்பு 2, ஆக்சிஜன் 3: இரும்பு(Ⅲ) ஆக்சைடு
தாமிரம் 1, குளோரின் 2: தாமிரம்(Ⅱ) குளோரைடு
தாமிரம் 2, ஆக்சிஜன் 1: தாமிரம்(Ⅰ) ஆக்சைடு
குரோமியம் 2, சல்ஃபேட் 3: குரோமியம்(Ⅲ) சல்ஃபேட்
வெள்ளீயம் 1, ஆக்சிஜன் 2: வெள்ளீயம்(Ⅱ) ஆக்சைடு
இரும்பு 1, ஆக்சிஜன் 1: இரும்பு(Ⅰ) ஆக்சைடு
காரீயம் 1, சல்ஃபேட் 1: காரீயம்(Ⅰ) சல்ஃபேட்
இரும்பு 1, பாஸ்ஃபேட் 1: இரும்பு(Ⅰ) பாஸ்ஃபேட்

முதல் நான்கும் சரி, கடைசி நான்கும் தவறு. இந்தத் தாள்தான் நமக்கு முக்கியம், ஏனென்றால் இதில் மாணவர் சொல்லிக்கொடுத்தபடியே செய்திருக்கிறார். தவறு கற்பித்த முறையில் இருக்கிறது.

வெள்ளீயம் 4, ஆக்சைடு 2 என்று குறுக்காகப் போட்டால் வெள்ளீயம் 2, ஆக்சிஜன் 4 என்று வரும். அயனிச் சேர்மத்தின் வாய்பாடு மிக எளிய விகிதத்தில் எழுதப்படுவதால் அது 1, 2 என்று சுருங்கிவிட்டது. சுருங்கியதைத் திருப்பிப் போட்டால் பழைய மின்சுமை எப்படிக் கிடைக்கும்? இரும்பு 2, ஆக்சைடு 2 என்பதும் அப்படியே 1, 1 ஆகிவிட்டது. உலோகத்தின் மின்சுமைக்கும் எதிரயனியின் மின்சுமைக்கும் பொதுக் காரணி இருக்கும் இடமெல்லாம் குறுக்கு வழி கவிழும். இல்லாத இடமெல்லாம், பின்னால் பார்க்கப்போகும் பாதரசம்(Ⅰ) தவிர, சரியாக வரும்.

இதில் பயிற்சி தயாரிப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று ஒளிந்திருக்கிறது. குளோரைடு, புரோமைடு, நைட்ரேட், ஹைட்ராக்சைடு போன்ற ஒற்றை மின்சுமை எதிரயனிகளோடு பொதுக் காரணி வரவே வராது. ஆகவே பாதரசம்(Ⅰ) இல்லாமல் குளோரைடுகளாகவே நிரப்பிய பயிற்சித்தாளில் குறுக்கு வழி ஒருமுறைகூடத் தோற்காது. மாணவர் இருபது கணக்கிலும் இருபது எடுப்பார், தேர்வில் மாங்கனீஸ் 1, ஆக்சிஜன் 2 வந்ததும் மாங்கனீஸ்(Ⅱ) ஆக்சைடு என்று எழுதுவார். அது டார்ச் பேட்டரிக்குள் இருக்கும் கறுப்புத் தூள், மாங்கனீஸ்(Ⅳ) ஆக்சைடு. ஆக்சைடும் சல்ஃபேட்டும் பாஸ்ஃபேட்டும் கலவாத பயிற்சித்தாள் எதையும் சோதிப்பதில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

பூரமும் வீரமும்

இந்த இரண்டு தவறான முறைகளும் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்குப் பாதரசத்தின் இரண்டு குளோரைடுகளைவிட நல்ல சான்று இல்லை.

பாதரசம் 1, குளோரின் 2 என்பது பாதரசம்(Ⅱ) குளோரைடு, சித்த மருத்துவத்தில் வீரம். தண்ணீரில் நன்றாகக் கரையும், அறை வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீரில் ஏறத்தாழ 7 கிராம். கடும் நஞ்சு. பாதரசம் 2, குளோரின் 2 என்பது பாதரசம்(Ⅰ) குளோரைடு, அதாவது பூரம், ஆய்வகங்களில் கலோமெல். தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். ஐரோப்பாவில் நீண்ட காலம் பேதி மருந்தாகவும் குழந்தைகளின் பல் முளைக்கும் காலத்துப் பொடியாகவும் கொடுக்கப்பட்டது. அதுவும் நச்சுப்பொருளே, ஆனால் வீரத்தின் வேகம் அதற்கு இல்லை. ரசம், லிங்கம், வீரம், பூரம், ரசசெந்தூரம் என்று ஐந்தையும் பஞ்ச சூதம் என ஒரே வரிசையில் வைத்த மரபிலும் வீரத்தையும் பூரத்தையும் ஒன்றாகக் கருதியதில்லை.

முதல் தாளின் முறைப்படி இவற்றுக்குப் பெயர் வைத்துப் பாருங்கள். உலோகத்தின் கீழ்க்குறியை எடுத்தால் வீரம் பாதரசம்(Ⅰ) குளோரைடு ஆகிவிடுகிறது, பூரம் பாதரசம்(Ⅱ) குளோரைடு ஆகிவிடுகிறது. இரண்டு பாட்டில்களின் லேபிளும் அப்படியே இடம் மாறிவிட்டன. இரண்டாம் தாளின் முறைப்படி எதிரே உள்ள கீழ்க்குறியை எடுத்தால் இரண்டுக்குமே பாதரசம்(Ⅱ) குளோரைடு என்று ஒரே பெயர் வருகிறது. ஆக, இரண்டு முறைகளும் பூரத்துக்கு வீரத்தின் பெயரைச் சூட்டுகின்றன. சரியான கணக்கோ ஒரே வரி: இரண்டு குளோரைடு, மொத்த எதிர்மின்சுமை 2, அதை இரண்டு பாதரசம் பகிர்ந்துகொள்கிறது, ஒன்றுக்கு 1.

பூரத்தின் வாய்பாட்டை 1, 1 என்று ஏன் சுருக்கவில்லை என்று கூர்மையான மாணவர் கேட்பார். கேட்க வேண்டும். பாதரசம்(Ⅰ) தனி அயனியாக இருப்பதில்லை. இரண்டு பாதரச அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து, சேர்ந்து 2 நேர்மின்சுமை தாங்கும் இரட்டை அயனியாகத்தான் இருக்கின்றன. தனி அயனியாக இருந்தால் இணையில்லாத ஓர் எலக்ட்ரான் மிஞ்சும், சேர்மம் காந்தப்புலத்தால் ஈர்க்கப்படும். பூரம் அப்படி ஈர்க்கப்படுவதில்லை. எக்ஸ் கதிர்ப் படங்களிலும் இரண்டு பாதரச அணுக்கள் சுமார் 250 பிக்கோமீட்டர் இடைவெளியில் ஒட்டியே நிற்கின்றன. எனவே பெயரைக் கொடுத்து வாய்பாடு கேட்டாலும் பாதரசம்(Ⅰ) சேர்மங்களில் பாதரசத்தை இரண்டு இரண்டாகவே எழுத வேண்டும். ஆய்வகத்தில் இரண்டையும் பிரித்தறிய அம்மோனியா கரைசல் போதும்: பூரம் கறுக்கும், வீரத்தின் கரைசல் வெண்மையான வீழ்படிவு தரும்.

உலோகப் பெயரோடு ரோமன் எண்ணை எழுதும் இந்த முறையை 1919இல் முன்மொழிந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக். தம் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பாதரச ஆவியைச் சுவாசித்து நஞ்சேறியவர் அவர், 1926இல் அதன் ஆபத்தைப் பற்றி எழுதி மற்ற ஆய்வாளர்களை எச்சரித்தவரும் அவரே.

கணக்கு முறை

சரியான முறை எதிரயனியில் தொடங்குகிறது. எதிரயனிகளின் மின்சுமை மாறாதது, அதனால் நம்பிக் கால் வைக்கலாம்.

முதலில் எதிரயனியை அடையாளம் காண வேண்டும், அதன் மின்சுமையை எழுத வேண்டும். அதை அதன் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்த எதிர்மின்சுமை கிடைக்கும். சேர்மம் மின்சுமையற்றது என்பதால் மொத்த நேர்மின்சுமையும் அதுவே. அதை உலோக அயனிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ரோமன் எண். குரோமியம் 2, சல்ஃபேட் 3 என்றால், சல்ஃபேட் ஒன்றுக்கு 2, மூன்றுக்கு 6, குரோமியம் இரண்டுக்கும் சேர்த்து 6, ஒன்றுக்கு 3. வெள்ளீயம் 1, ஆக்சிஜன் 2 என்றால், ஆக்சைடு ஒன்றுக்கு 2, இரண்டுக்கு 4, வெள்ளீயம் ஒன்றே, ஆக Ⅳ. இரண்டாம் தாளில் தவறிய மற்ற மூன்றும் இதில் தானாகவே நேராகின்றன: இரும்பு(Ⅱ) ஆக்சைடு, காரீயம்(Ⅱ) சல்ஃபேட், இரும்பு(Ⅲ) பாஸ்ஃபேட்.

இதற்குத் தேவையான மனப்பாடம் கொஞ்சம்தான். ஃபுளோரைடு, குளோரைடு, புரோமைடு, அயோடைடு, ஹைட்ராக்சைடு, நைட்ரேட், நைட்ரைட்டு, அசிட்டேட் எல்லாம் 1. ஆக்சைடு, சல்ஃபைடு, சல்ஃபேட், சல்ஃபைட்டு, கார்பனேட், குரோமேட் எல்லாம் 2. நைட்ரைடு, பாஸ்ஃபைடு, பாஸ்ஃபேட் மூன்றும் 3. நைட்ரைடு, நைட்ரைட்டு, நைட்ரேட் என்று காதில் ஒன்றுபோல் விழும் பெயர்களை அடுத்தடுத்து எழுதிக் காட்டாமல் கடந்தால் கணக்கு சரியாக இருந்தும் விடை தவறும்.

பல்லணு அயனிகளில் ஒரு குறிப்பிட்ட தடுக்கல் உண்டு. இரும்பு 1, சல்ஃபேட் 1 என்ற சேர்மத்தைப் பார்த்து, நான்கு ஆக்சிஜன், ஒவ்வொன்றுக்கும் 2, மொத்தம் 8, ஆகவே இரும்பு(Ⅷ) சல்ஃபேட் என்று எழுதுவார்கள். கணக்கு முறையைக் கற்ற பிறகுதான் இந்தத் தவறு வரும். அதைப் பின்னடைவாக எண்ணக் கூடாது. முறை பதிந்துவிட்டது, சல்ஃபேட்டை ஒரே அலகாகப் பார்க்கும் கண் மட்டும் இன்னும் வரவில்லை. கணக்கைத் தொடங்கும் முன் பல்லணு அயனியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடச் சொன்னால் போதும்.

எழுதும் முறையில் இரண்டு குறிப்புகள். உலோகத்தின் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி விடக்கூடாது, அடைப்புக்குறிக்குப் பிறகு இடைவெளி வேண்டும். இரும்பு(Ⅲ) டிரைகுளோரைடு என்று ரோமன் எண்ணையும் முன்னொட்டையும் கலக்கக் கூடாது. ரோமன் எண் சொன்னவுடன் எத்தனை குளோரைடு என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது.

ஈவு ஒவ்வாதபோது

வகுத்து வந்த எண்ணை அந்த உலோகத்தின் வழக்கமான மின்சுமைகளோடு ஒப்பிடும் பழக்கம் வந்துவிட்டால் மாணவர் பாதி வேதியியலாளர் ஆகிவிடுவார். இரும்பு 2, 3. தாமிரம் 1, 2. வெள்ளீயமும் காரீயமும் 2, 4. பாதரசம் 1, 2. கோபால்ட் 2, 3. தங்கம் 1, 3. குரோமியம் பெரும்பாலும் 3. மாங்கனீஸ் 2, 4, இன்னும் சில. இரும்பு(Ⅰ) என்றோ காரீயம்(Ⅰ) என்றோ வந்தால் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். கணக்கும் சரி, ஈவும் ஒவ்வவில்லை என்றால் எதிரயனியைத் தவறாக அடையாளம் கண்டிருக்கிறோம், அல்லது சேர்மத்தில் ஒரே உலோகம் இரண்டு மின்சுமைகளில் இருக்கிறது.

காரீயம் 1, ஆக்சிஜன் 2 கொண்ட சேர்மத்தில் ஈவு 4. காரீயத்துக்கு 4 உண்டு, ஆகவே காரீயம்(Ⅳ) ஆக்சைடு. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் நேர்மின் தகட்டில் இருப்பது இதுதான். மின்சாரம் எடுக்க எடுக்க அது காரீயம்(Ⅱ) சல்ஃபேட் ஆகிறது. பேரியம் 1, ஆக்சிஜன் 2 கொண்ட சேர்மத்திலும் ஈவு 4தான். ஆனால் பேரியத்துக்கு 2 தவிர வேறு மின்சுமை கிடையாது. அப்படியானால் இங்கே ஆக்சைடு இல்லை. இரண்டு ஆக்சிஜன் பிணைந்து மொத்தம் 2 எதிர்மின்சுமை தாங்கும் பெராக்சைடு இருக்கிறது, பெயர் பேரியம் பெராக்சைடு. வாய்பாட்டின் வடிவம் ஒன்றே, பெயர்கள் இரண்டு வகை. இரும்பு 1, கந்தகம் 2 கொண்ட பைரைட் கனிமத்தில் இரும்பு(Ⅳ) என்று வரும்போதும் அதே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். அங்கே இருப்பது பிணைந்த இரட்டைக் கந்தக அயனி, இரும்பின் மின்சுமை 2, பெயர் இரும்பு(Ⅱ) டைசல்ஃபைடு. இங்கே 'டை' என்பது அந்த இரட்டை அயனியின் பெயரிலேயே ஒரு பகுதி, எதிரயனிகளை எண்ணும் முன்னொட்டு அல்ல.

இரும்பு 3, ஆக்சிஜன் 4 கொண்ட மாக்னடைட்டில் 8ஐ 3ஆல் வகுக்க வேண்டும். ஈவு முழு எண்ணாக இல்லை. ஓர் இரும்பு 2 மின்சுமையோடும் இரண்டு இரும்பு 3 மின்சுமையோடும் இருந்தால் மொத்தம் 8 வரும், ஆகவே இரும்பு(Ⅱ,Ⅲ) ஆக்சைடு. இரும்புக் கதவுகளுக்குத் துருப்பிடிக்காமல் அடித்துவந்த ஈயச் செந்தூரம் காரீயம் 3, ஆக்சிஜன் 4. இங்கேயும் 8, ஆனால் காரீயத்துக்கு 3 கிடையாது, எனவே இரண்டு காரீயம் 2, ஒரு காரீயம் 4, பெயர் காரீயம்(Ⅱ,Ⅳ) ஆக்சைடு. இந்தப் பங்கீடு வெறும் கணக்கு அல்ல என்பதை ஆசிரியர் ஒரு சோதனைக் குழாயில் காட்டலாம். சிட்டிகை செந்தூரத்தில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றி மெதுவாகச் சூடாக்கினால் சிவப்பு மறைந்து பழுப்புத் தூள் அடியில் நிற்கும், மேலே தெளிந்த கரைசல். மூன்றில் இரண்டு பங்கு காரீயம் காரீயம்(Ⅱ) நைட்ரேட்டாகக் கரைந்துவிட்டது, ஒரு பங்கு காரீயம்(Ⅳ) ஆக்சைடாக அடியில் தங்கிவிட்டது. காரீயம் நஞ்சு என்பதால் மாணவர் கையில் கொடுக்காமல் ஆசிரியரே செய்து, கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனிப் பாட்டிலில் சேர்க்க வேண்டும்.

ஒரே சேர்மத்தில் இரண்டு நேரயனிகள் இருந்தால் தெரிந்ததைக் கழித்துவிட்டுத் தெரியாததைக் காண வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தரம்பார்த்தலில் பயன்படும் மோர் உப்பில் அம்மோனியம் 2, இரும்பு 1, சல்ஃபேட் 2, தண்ணீர் 6. சல்ஃபேட்டால் 4 எதிர், அம்மோனியத்தால் 2 நேர், மிச்சம் 2 இரும்புக்கு. தண்ணீருக்கு மின்சுமை இல்லை, அதைப் பெயரின் கடைசியில் ஹெக்சாஹைட்ரேட் என்று எண்ணிச் சொன்னால் போதும். அதே தரம்பார்த்தலில் ப்யூரெட்டில் இருக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் மாங்கனீஸ் எதிரயனிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நேரயனி பொட்டாசியம் என்பதால் முன்னால் ரோமன் எண் வராது. முறைப்படியான பெயர் வேண்டுமென்றால் பொட்டாசியம் மாங்கனேட்(Ⅶ). இந்த எண்களின் பயன் அந்த மேசையிலேயே தெரியும்: மாங்கனீஸ் Ⅶஇலிருந்து Ⅱக்கு இறங்குகிறது, ஐந்து எலக்ட்ரான், இரும்பு Ⅱஇலிருந்து Ⅲக்கு ஏறுகிறது, ஒரு எலக்ட்ரான், ஆகவே ஒரு மோல் பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து மோல் இரும்பு.

பாட்டிலில் இருக்கும் பழைய பெயர்

பாடத்தில் இரும்பு(Ⅱ) சல்ஃபேட், ஆய்வக அலமாரியில் ஃபெரஸ் சல்ஃபேட், நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி. மூன்றும் ஒன்றே, ஏழு தண்ணீர் மூலக்கூறுகளோடு இருக்கும் பச்சைப் படிகம். பழைய முறையில் 'அஸ்' என்று முடிந்தால் குறைந்த மின்சுமை, 'இக்' என்று முடிந்தால் கூடிய மின்சுமை. ஆனால் எவ்வளவு என்று அது சொல்லாது. ஃபெரஸ் 2, குப்ரஸ் 1, மெர்குரஸ் 1, ஸ்டேனஸ் 2. ஃபெரிக் 3, குப்ரிக் 2, மெர்குரிக் 2, ஸ்டேனிக் 4. 'இக் என்றால் 3' என்று இரும்பை வைத்துப் பழகியவர் குப்ரிக் குளோரைடில் தவறுவது இதனால்தான். மருந்து அட்டைகளிலும் பற்பசைக் குழாய்களிலும் இந்தப் பெயர்கள் இன்னும் இருப்பதால் கற்றுக்கொடுக்காமல் விட முடியாது. ஆனால் ரோமன் எண் கணக்கு கையில் நின்ற பிறகு கற்றுக்கொடுக்க வேண்டும்.

லேபிளைத் தவறாகப் படித்தால் எடையும் மாறிவிடும். 100 மில்லி, 0.1 மோலார் இரும்பு(Ⅲ) குளோரைடு கரைசலுக்கு ஹெக்சாஹைட்ரேட் உப்பு 2.70 கிராம் வேண்டும். அதே அளவு இரும்பு(Ⅱ) குளோரைடுக்கு டெட்ராஹைட்ரேட் உப்பு 1.99 கிராம். லேபிள் அழிந்த பாட்டிலில் எது இருக்கிறது என்று பார்க்க ஒரு துளி பொட்டாசியம் தயோசயனேட் போதும். இரும்பு(Ⅲ) இருந்தால் இரத்தச் சிவப்பு நிறம் வரும். சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றினால் இரும்பு(Ⅱ) அழுக்குப் பச்சை வீழ்படிவையும் இரும்பு(Ⅲ) செம்பழுப்பு வீழ்படிவையும் தரும். பழைய அன்னபேதிக் கரைசல் தயோசயனேட்டோடு லேசாகச் சிவந்தால் பயப்பட வேண்டாம், காற்றுப் பட்டு ஒரு பகுதி இரும்பு(Ⅲ) ஆகியிருக்கிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை எழுதிய பிறகு கறுத்து ஊறுவதும் இதே மாற்றத்தால்தான்.

பயிற்சி வரிசையும் மதிப்பெண்ணும்

பயிற்சியை இணைகளாகக் கொடுப்பது நல்ல பலன் தருகிறது. இரும்பின் இரண்டு ஆக்சைடுகள், தாமிரத்தின் இரண்டு ஆக்சைடுகள், வெள்ளீயம் 1 குளோரின் 2 அருகே வெள்ளீயம் 1 ஆக்சிஜன் 2, காரீயம் 1 ஆக்சிஜன் 2 அருகே பேரியம் 1 ஆக்சிஜன் 2. வெள்ளீய இணையில் இரண்டிலும் கீழ்க்குறிகள் 1, 2தான். விடையோ ஒன்றில் Ⅱ, இன்னொன்றில் Ⅳ. கீழ்க்குறியை மட்டும் பார்ப்பவர் இந்த இடத்தில் கண்டிப்பாக நின்று யோசித்தாக வேண்டும். நடுநடுவே மெக்னீசியம், துத்தநாகம், அலுமினியம் வர வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் ரோமன் எண் போடும் பழக்கம் வந்துவிடும்.

மதிப்பெண்ணை இரண்டாகப் பிரியுங்கள்: மொத்த எதிர்மின்சுமையை எழுதியதற்கு ஒன்று, பெயருக்கு ஒன்று. தற்செயலாக வந்த சரியான பெயரும், முறை சரியாக இருந்தும் கூட்டலில் தவறிய பெயரும் அப்போதுதான் பிரிந்து தெரியும். பெயரிலிருந்து வாய்பாட்டுக்குத் திரும்பும் பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். இரும்பு(Ⅲ) ஹைட்ராக்சைடு எழுதும்போது ஹைட்ராக்சைடை அடைப்புக்குறிக்குள் போடாமல் 3 என்று எழுதினால் மூன்று ஹைட்ரஜனும் ஒரே ஆக்சிஜனும்தான் கிடைக்கும். அந்த விடையை மறுபடி பெயராக்கச் சொன்னால் மாணவரே கண்டுபிடித்துவிடுவார்.

கணக்கு எட்டாத இடமும் உண்டு, நன்றாகக் கற்றவருக்கு அதையும் காட்டிவிட வேண்டும். தாமிரம் 1, அயோடின் 2 என்று எழுதிக் கொடுத்தால் தாமிரம்(Ⅱ) அயோடைடு என்று பிழையில்லாமல் பெயர் வைக்கலாம், பொருள் மட்டும் கையில் கிடைக்காது. மயில்துத்தக் (தாமிரம்(Ⅱ) சல்ஃபேட்) கரைசலில் பொட்டாசியம் அயோடைடை ஊற்றினால் நீல நிறம் போய்ப் பழுப்பாகும், அடியில் வெளிறிய வீழ்படிவு இறங்கும். அயோடைடு தாமிரம்(Ⅱ)க்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து அயோடினாகப் பிரிந்துவிடுகிறது, வீழ்படிவு தாமிரம்(Ⅰ) அயோடைடு. தாலியம் 1, அயோடின் 3 இன்னும் நுட்பமானது. கணக்குப்படி ஈவு 3, தாலியத்துக்கு 1ம் 3ம் உண்டு, எச்சரிக்கை மணி அடிக்கவே அடிக்காது. ஆனால் தாலியம்(Ⅲ)க்கும் அயோடைடு பக்கத்தில் இருக்க முடியாது. அந்த உப்பில் மூன்று அயோடின் அணுக்கள் சேர்ந்து ஒரே எதிர்மின்சுமை தாங்கும் டிரைஅயோடைடு அயனியாக இருக்கின்றன. அதன் பெயர் தாலியம்(Ⅰ) டிரைஅயோடைடு.